ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சர்வர் போர்டுக்குக் கேபினெட் தேடிய கதை

டொராண்டோவில் வாங்கின சாமான் பொருந்தவில்லை என்றால் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தோடு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் காலை வைத்தால் ரத்தக்கொதிப்புதான் மிச்சம்.

தங்கச்சி மகன் அனிமேஷன் வேலைக்காக செகண்ட்ஹேண்டில் பிடித்து வைத்திருந்தது சூப்பர்மைக்ரோ கம்பெனியின் எக்ஸ்9டிஆர்ஐ-எஃப் சர்வர் மதர்போர்டு. 2012-இல் வந்த இன்டெல் ஜியான் ஈ5-2600 வரிசை பிராசஸர் இரண்டு போடலாம், ராம் ஸ்லாட் மட்டும் 16. அளவில்தான் வம்பு: 305-க்கு 330 மி.மீ. சாதாரண கம்ப்யூட்டரில் வரும் ஏடிஎக்ஸ் அளவு போர்டு 305-க்கு 244-தான்.

ஒரு கேபினெட்டின் அட்டைப்பெட்டியில் ஈ-ஏடிஎக்ஸ் (ஏடிஎக்ஸைவிட அகலமான போர்டு அளவு) என்று அச்சிட்டிருந்ததைக் காட்டி, "கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க சார்" என்றார் கடைக்காரர். பணம் கட்டி, அங்கேயே பிரித்து வைத்துப் பார்த்தோம். ஹார்ட் டிஸ்க் கூண்டில் போய் இடித்தது. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் '280 மி.மீ. வரை'. ஈ-ஏடிஎக்ஸ் என்று விற்கும் கேபினெட் பலவும் இப்படித்தான். "சீல் உடைச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது." போர்டு கண்ணெதிரே உட்கார மாட்டேன் என்கிறது, அதற்கும் இதே பதில்! "மாமா, விடுங்க" என்று பையன்தான் என்னை இழுத்துக்கொண்டு வந்தான்.

பக்கத்துச் சந்து மாடியில் சர்வீஸ் கடைப் பெரியவர் ஒருவர். கூண்டின் ரிவெட்டுகளை ட்ரில் போட்டே எடுத்தார். போர்டைச் செய்தித்தாள் மேல் வைத்து ஓட்டைகளைப் பேனாவால் குறித்தார்; தாளைத் தகட்டில் ஒட்டிப் பஞ்ச் அடித்தார். "போர்டை உள்ளே வைப்பா, இரும்புத்தூள் விழுந்தா போச்சு" என்று பையனை அனுப்பிவிட்டுத்தான் மறுபடி ட்ரில்லைத் தொட்டார். ஒரு ஓரத்துக்கு மட்டும் புதுத் துளை, மரை வெட்டிப் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டு தகட்டில் படாமல் தாங்கும் குட்டிக் கால்). அந்த ஓரம் தாங்கலில்லாமல் இருந்தால் ராமை அழுத்தும்போது போர்டு வளையுமாம். துளைக்கு நேராக வராத பழைய ஸ்டாண்ட்ஆஃப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார்: "இது அடியில இருந்தா ஷார்ட் ஆயிடும் தம்பி." எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளையில்) சிபியூவுக்கான 8 பின் கனெக்டர் இரண்டு இருக்கிறதா என்றும் அவரே கேட்டார்.

கூலி 400 ரூபாய். டொராண்டோவில் இதற்கு ஆள் கிடைத்தாலும் அவர் கூலியில் புதுக் கேபினெட்டே வாங்கிவிடலாம். அப்பாவோடு டிரான்சிஸ்டர் வாங்க வந்த ரிச்சி ஸ்ட்ரீட் அந்த மாடியில் இன்னும் இருக்கிறது. மனசு நிறைந்துதான் இறங்கினேன். கீழே அந்தக் கடையைப் பார்த்ததும் கோபம் திரும்ப வந்துவிட்டது.

போகிறவர்கள் போர்டையும் ஒரு டேப்பையும் கையோடு கொண்டு போங்கள். '330 மி.மீ. போர்டு பொருந்தும்' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை.