அனுப்பிய இணைப்பு யாருடைய கையில்? வன்னிச் செயலிகளுக்கான டீப் லிங்க் வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

வன்னியில் செயலிகளைப் பிளே ஸ்டோரில் தேடிப் பிடிப்பவர்கள் குறைவு. கமக்காரர் அமைப்பின் வாட்ஸ்அப் குழுவிலோ கடற்றொழிலாளர் சங்கத்தின் குழுவிலோ யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டுத்தான் பலரும் முதன்முறை உள்ளே வருகிறார்கள். ஆகவே, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் செயலி செய்யத் தொடங்கும் இளையோர் திரையின் அழகைப் பற்றிக் கேட்டால், முதலில் இணைப்பைப் பற்றிப் பேசுவோம் என்பேன். தொட்டதும் செயலிக்குள் குறிப்பிட்ட திரையையே திறக்கும் இணைப்புக்குத்தான் டீப் லிங்க் என்று பெயர். திரையை அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம். குழுக்களில் கைமாறிப் போன இணைப்பை ஒருவராலும் திரும்ப எடுக்க முடியாது. அடுத்த போகத்திலும் யாரோ ஒருவர் அதைத் தேடி எடுத்துத் தொடுவார்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசலாம். அறுவடை இயந்திரத்தை முன்பதிவு செய்யும் செயலி. இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக நெல் ஏறக்குறைய ஒரே காலத்தில் விளைந்து நிற்கும். எல்லோருக்கும் ஒரே கிழமையில் இயந்திரம் வேண்டும். 'வியாழன் காலை உங்கள் வயலுக்கு இயந்திரம் வருகிறது' என்று ஓர் இணைப்புப் போகிறது. அதைத் தொடப்போகும் கைகள் மூன்று. ஓட்டுநரிடம் செயலி இருக்கிறது, கைபேசிதான் பழைய ஆண்ட்ராய்ட். கமக்காரரிடம் செயலி இல்லை. அவருடைய கைபேசியில் அதற்கு இடமும் இல்லை. வாடகையைச் செலுத்தும் மகள் ரொறன்ரோவில் ஐபோன் வைத்திருக்கிறார். இந்த மூவரையும் ஒரே இணைப்புச் சரியான இடத்தில் சேர்க்குமா என்பதை வைத்தே ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறேன்.

சொந்த ஸ்கீம்

செயலிக்கென ஒரு சொல்லைப் பதிந்து, அந்தச் சொல்லில் தொடங்கும் முகவரியைத் தொட்டால் செயலி திறக்கச் செய்வது பழைய வழி. சில வரிகளில் வேலை முடிந்துவிடும். டொமைனும் வேண்டாம், சேர்வரும் வேண்டாம். ஆனால் வாட்ஸ்அப் இதை இணைப்பாகவே காட்டாது, வெறும் எழுத்தாகக் கிடக்கும். நம்மைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. செயலி இல்லாத கமக்காரருக்கும் மகளுக்கும் அதைத் தொட்டாலும் எதுவும் நடக்காது.

பாதுகாப்பிலும் இது ஓட்டை. அதே சொல்லை இன்னொரு செயலியும் பதியலாம், தடுக்க வழியில்லை. இரண்டும் ஒரே கைபேசியில் இருந்தால் எது திறக்கும் என்பதற்கு ஐபோனில் உத்தரவாதம் கிடையாது. இந்த வழியாக உள்நுழைவுச் சாவிகளைத் திருப்பி அனுப்பினால் வேறொரு செயலி அவற்றைப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. கைபேசிச் செயலிகளின் உள்நுழைவு பற்றி 2017இல் வெளியான இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 8252, பிகேசிஇ என்னும் கூடுதல் பூட்டைக் கட்டாயமாக்கியதற்கு இந்த ஆபத்தும் ஒரு காரணம். சொந்த ஸ்கீமைச் செயலிக்குள்ளேயே ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பயன்படுத்தலாம். வெளியே அனுப்ப வேண்டாம்.

சொந்த டொமைன்

2015இல் ஆப்பிள் ஐஓஎஸ் 9 உடன் யூனிவர்சல் லிங்க்சைத் தந்தது. அதே ஆண்டில் கூகுள் ஆண்ட்ராய்ட் 6 உடன் ஆப் லிங்க்சைத் தந்தது. இரண்டின் அடிப்படையும் ஒன்று. இணைப்பு சாதாரண வலைமுகவரி. இந்த டொமைனும் இந்தச் செயலியும் ஒருவருடையவைதான் என்று உறுதிசொல்லும் சிறு கோப்பு ஒன்று டொமைனில் இருக்கும். செயலி இருந்தால் செயலி திறக்கும், இல்லாவிட்டால் வலைப்பக்கம் திறக்கும். மூன்று கைகளுக்கும் ஒரே இணைப்புப் போதும். என் தெரிவு இதுதான். ஆனால் இதன் நுணுக்கங்களைத் தெரியாமல் இறங்கினால் அறுவடைக் காலத்தில் தவிக்க நேரும்.

முதலில் ஆண்ட்ராய்ட். அந்தக் கோப்பில் செயலியின் கையொப்பச் சான்றிதழின் எஸ்ஹெச்ஏ-256 கைரேகை, அதாவது அந்தச் சான்றிதழை அடையாளம் காட்டும் குறியீடு, இருக்க வேண்டும். பிளே ஸ்டோரின் கையொப்ப ஏற்பாட்டில் இருக்கும் செயலிக்குக் கடைசிக் கையொப்பத்தை இடுவது கூகுள். ஆகவே உங்கள் கணினியில் இருக்கும் சாவியின் கைரேகையைப் போட்டால், மேசையில் சோதிக்கும்போது எல்லாம் வேலை செய்யும், கடையிலிருந்து இறக்கிய செயலியில் வேலை செய்யாது. வன்னியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. டேட்டாவை மிச்சப்படுத்தச் செயலியின் கோப்பையே கைபேசிக்குக் கைபேசி அனுப்பிக்கொள்வார்கள். நீங்களே கையொப்பமிட்ட கோப்பும் ஊருக்குள் உலாவினால் அதன் கைரேகை வேறு. ஒரே கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கைரேகைகளை எழுத அனுமதி உண்டு, இரண்டையும் எழுதுங்கள்.

ஆண்ட்ராய்ட் 12 வந்த பிறகு இதில் சலுகை கிடையாது. உறுதிப்படுத்தப்படாத வலை இணைப்பு நேரே உலாவிக்குப் போய்விடும். எதில் திறப்பது என்று முன்புபோலக் கேட்காது. பழைய கைபேசிகளில் வேறு சிக்கல்: ஆண்ட்ராய்ட் 11 வரை, செயலியில் குறிப்பிட்ட எல்லா டொமைன்களிலும் கோப்புச் சரியாக இருந்தால்தான் ஒன்றாவது உறுதிப்படும். 'www' முன்னொட்டு உள்ள முகவரி, இல்லாத முகவரி இரண்டையும் எழுதிவிட்டு ஒன்றில் மட்டும் கோப்பை வைத்தால் இரண்டும் போய்விடும். ஓட்டுநரின் பழைய கைபேசி இந்த வகைதான்.

ஐபோனில் கோப்பு எந்தத் திருப்பிவிடலும் இல்லாமல் நேரடியாகக் கிடைக்க வேண்டும். ஐஓஎஸ் 14 முதல் கைபேசி உங்கள் சேர்வரை நேரே கேட்பதில்லை. ஆப்பிளின் இடைச்சேமிப்பு வலையமைப்பைக் கேட்கிறது. அந்த வலையமைப்பு 24 மணி நேரத்துக்குள் உங்கள் கோப்பை எடுக்கும். செயலியை நிறுவிய பின், கைபேசி ஏறக்குறைய கிழமைக்கு ஒரு தடவைதான் மாற்றத்தைப் பார்க்கும். எனவே கோப்பை முதலில் வைத்துவிட்டு, அதன் பின் செயலியை வெளியிட வேண்டும். இன்னொன்று: உங்கள் பக்கம் சஃபாரியில் திறந்திருக்கும்போது அதே டொமைனுக்குப் போகும் 'செயலியில் திற' பொத்தானைத் தொட்டால் செயலி திறக்காது. பொத்தானை வேறொரு துணை டொமைனுக்குக் காட்டினால் திறக்கும்.

இதில் செலவு மிகக் குறைவு. நிலையான பக்கங்களை வைக்கும் எந்த இடமும் கோப்புக்குப் போதும். டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம். தமிழிலேயே '.இலங்கை' என்று முடியும் டொமைனும் எடுக்கலாம், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ் எழுத்துள்ள முகவரியைப் பிரதி எடுத்து ஒட்டும்போது பல இடங்களில் அது புரியாத குறிகளாக நீண்டுவிடுகிறது. பெயர்ப்பலகைக்கு அதை வைத்துக்கொண்டு, அனுப்பும் இணைப்பைச் சுருக்கமான ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைப்பது நல்லது.

இணைப்புக்குப் பின்னால் இருக்கும் பக்கத்தைப் பலர் மாற்றாந்தாய்ப் பிள்ளையாக நடத்துகிறார்கள். 'செயலியை இறக்குங்கள்' என்ற ஒரே வரியுடன் நிற்கும் பக்கத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கமக்காரருக்குத் தேவை நாள், நேரம், ஓட்டுநரின் தொலைபேசி எண், வாடகை. அவை நான்கும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். பேஸ்புக்கின் உள் உலாவியில் இணைப்பைத் தொடுபவருக்குச் செயலி இருந்தாலும் பெரும்பாலும் பக்கம்தான் திறக்கும். வாட்ஸ்அப்பில் தோன்றும் முன்னோட்டப் படத்தையும் தலைப்பையும் அனுப்புபவரின் கைபேசி பக்கத்திலிருந்து எடுக்கிறது. உலாவிக்குள் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் தலைப்பு வரும் என்றால் அது வெறுமையாக இருக்கும். மோசடி இணைப்புகள் மலிந்த காலத்தில், முன்னோட்டம் இல்லாத இணைப்பை மூத்தவர்கள் தொடாமல் விடுவது சரியான எச்சரிக்கைதான்.

வாடகை இணைப்புச் சேவைகள்

ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் 2016இல் வந்தபோது எல்லோருக்கும் அது வரமாகத் தெரிந்தது. இலவசம், ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஒரே இணைப்பு, செயலி இல்லாவிட்டால் கடைக்கு அனுப்பி, நிறுவிய பிறகு அதே பக்கத்தைத் திறந்து காட்டும். 2023இல் கூகுள் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2025 ஓகஸ்ட் 25ஆம் திகதி சேவை நின்றது. அதன் டொமைனில் உருவாக்கி அனுப்பிய இணைப்புகள் அன்றோடு செத்தன. இரவல் முகவரியில் வீடு கட்டினால் நடப்பது இதுதான்.

இன்று அந்த இடத்தில் பிராஞ்ச், ஆப்ஸ்ஃபிளையரின் ஒன்லிங்க், அட்ஜஸ்ட் போன்ற கட்டணச் சேவைகள் நிற்கின்றன. விளம்பரத்துக்குப் பெருந்தொகை செலவழித்து, எந்த விளம்பரம் எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று அளக்க வேண்டிய நிறுவனங்களுக்கு அவை தேவை. ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து அப்படி அளக்கவும் ஐபோனில் 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்த பிறகு பயனரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். கிளிநொச்சியில் இயங்கும் முன்பதிவுச் செயலிக்கு இந்தச் சேவைகள் தருவதில் ஒன்று மட்டும்தான் உண்மையில் பயன்படும்: நிறுவிய பிறகும் 'எந்த முன்பதிவுக்காக வந்தார்' என்பதை நினைவில் வைத்திருப்பது. ஆண்ட்ராய்டில் அதைப் எந்த இணைப்பால் வந்து நிறுவினார் என்பதைச் செயலிக்குச் சொல்லும் பிளே ஸ்டோரின் இன்ஸ்டால் ரெஃபரர் மூலம் காசில்லாமல் செய்யலாம். ஐபோனில் அதற்கு இணையான நேர்வழி கிடையாது. வலைப்பக்கத்தில் சிறிய முன்பதிவு எண்ணைக் காட்டி, செயலியின் முதல் திரையில் அதைக் கேட்டால் போதும். ஒருவரையும் பின்தொடராமல் வேலை முடிகிறது. அப்படியும் கட்டணச் சேவைதான் வேண்டும் என்றால், உங்கள் சொந்தத் துணை டொமைனில் அதை இயக்க விடும் திட்டத்தை மட்டும் எடுங்கள். நாளை அவர்களை விட்டு விலகினாலும் முகவரி உங்களிடம் இருக்கும்.

வரைபடமும் வாட்ஸ்அப்பும்: உள்ளே வைப்பதா, அனுப்பிவிடுவதா

மற்றவர்களின் சேவையைச் செயலிக்குள் பதிப்பது ஒரு வழி. இணைப்பால் அவர்களுடைய செயலிக்கே அனுப்பிவிடுவது இன்னொன்று. அப்படிப் பதிக்கும் ஒவ்வொரு நூலகமும், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பும், செயலியின் எடையைக் கூட்டும். கூகுள் சேவைகளை நம்பியவை, 2019க்குப் பின் அவை இல்லாமல் வந்த ஹுவாவே கைபேசிகளில் தடுமாறும். அதனால் என் சாய்வு அனுப்பிவிடும் பக்கம்.

வாட்ஸ்அப்புக்கு அதன் சுருக்க இணைப்பே போதும். எண்ணை 94 என்ற நாட்டுக் குறியீட்டுடன், முன்னாலுள்ள பூச்சியத்தை நீக்கி, கூட்டல் குறி இல்லாமல் எழுத வேண்டும். செய்தியையும் முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். செலவு இல்லை. வணிகங்களின் மென்பொருள் வாட்ஸ்அப்புடன் நேரே பேசும் வழியான ஏபிஐ, தானாகவே அறிவித்தல் அனுப்ப நல்லது. ஆனால் முன்கூட்டியே எழுதி வைக்கும் செய்தி வார்ப்புகளுக்கு முன் அனுமதி வேண்டும், 2025 யூலை முதல் அனுப்பும் வார்ப்புச் செய்திக்குச் செய்தி கட்டணம். வாட்ஸ்அப் இருக்கிறதா என்று முன்கூட்டிச் சோதிக்கவும் வேண்டாம். ஆண்ட்ராய்ட் 11 முதல் அப்படிப் பார்க்கச் செயலியின் விவரக் கோப்பில் தனி அறிவிப்பு எழுத வேண்டும். வலை இணைப்பைத் திறந்துவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வரைபடத்திலும் அப்படியே. கூகுள் மேப்ஸை இணைப்பால் திறக்கக் கூகுளிடம் ஏபிஐ சாவி வாங்கத் தேவையில்லை. ஆனால் எதைத் தேடச் சொல்கிறோம் என்பதில்தான் வன்னி வேறுபடுகிறது. ஒட்டுசுட்டானின் உள்வீதி ஒன்றிலோ வாய்க்கால் ஓரத்திலோ இருக்கும் வயலுக்கு வீட்டிலக்கம் கிடையாது. பெயரைக் கொடுத்துத் தேடினால் இயந்திரம் வேறு ஊரில் போய் நிற்கும். அகலாங்கு நெட்டாங்கை இணைப்பில் வையுங்கள். திரையில் இடத்தைச் சில எழுத்துகளாலும் எண்களாலும் குறிக்கும் பிளஸ் கோட் குறியீட்டையும் காட்டுங்கள். அந்தக் குறியீட்டின் முழு வடிவத்தைச் செயலி இணையமில்லாமலே கணக்கிடும், ஓட்டுநருக்குத் தொலைபேசியில் வாசித்தும் சொல்லலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை முன்கூட்டியே இறக்கி வைக்கும் ஓர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் சிக்னல் இல்லாத இடத்தில் கைகொடுக்கும். அகலாங்கு நெட்டாங்கைப் பொதுவான முறையில் அனுப்பினால் ஆண்ட்ராய்ட் பயனர் தனக்குப் பிடித்த வரைபடச் செயலியைத் தெரிவுசெய்யலாம்.

பணம்

கமக்காரரும் ஓட்டுநரும் வயலில் நேரே நின்றால் இலங்கையின் தேசிய கியூஆர் கொடுப்பனவுத் தரமான லங்காகியூஆர் சிறந்தது. அதில் இணைந்த எந்த வங்கியின் செயலியாலும் அதை வாசிக்கலாம். ஓட்டுநர் காட்டுவார், கமக்காரர் வருடுவார். ஆனால் அதே குறியைக் கமக்காரரின் கைபேசிக்கே அனுப்பினால், தன் திரையைத் தன் கமராவால் வருட முடியாது. படத்தைச் சேமித்து வங்கிச் செயலிக்குள் ஏற்ற வேண்டும். அதில் பலர் விட்டுவிடுவார்கள். ரொறன்ரோ மகளுக்கு இது எட்டவே எட்டாது. அவருக்குப் பேஹியர் போன்ற உள்ளூர்க் கொடுப்பனவு வாயிலின் அட்டைப் பக்கத்தை இணைப்பின் வலைப்பக்கத்திலிருந்தே திறக்கலாம். செயலியை நிறுவும்படி அவரைக் கேட்கத் தேவையே இல்லை. ஐபோன் செயலிக்குள் வைத்தாலும், வயலில் செய்யும் வேலை செயலிக்கு வெளியே நுகரப்படுவதால், செயலிக்குள் வாங்குவதை ஆப்பிள் வழியாகச் செலுத்தும் உள்கொள்முதல் முறை அதற்குப் பொருந்தாது.

அட்டைப் பக்கம் முடிந்ததும் பயனரைத் திருப்பி அழைத்துவரும் இணைப்பைப் பணம் வந்ததற்கான சான்றாக ஒருபோதும் எடுக்காதீர்கள். 'வெற்றி' என்று முடியும் அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். வாயில் உங்கள் சேர்வருக்கு நேரடியாக அனுப்பும் அறிவித்தலின் கையொப்பத்தைச் சரிபார்த்து, தொகையையும் முன்பதிவு எண்ணையும் ஒப்பிட்ட பிறகே பதிய வேண்டும். அந்த அறிவித்தல் பிந்தியும் வரலாம், இரு தடவையும் வரலாம். ஒரே கொடுப்பனவை இரண்டாகப் பதியாதபடி எழுதுங்கள். மறுபக்கம், மகள் பணம் செலுத்திவிட்டு உலாவியை மூடினால் திரும்பும் இணைப்பு ஓடவே ஓடாது. ஆயினும் பணம் வந்திருக்கும். அறிவித்தல் வரும்வரை ஓட்டுநரின் திரையில் 'கொடுப்பனவு உறுதிப்படுத்தப்படுகிறது' என்று நிற்கட்டும். வந்த கணத்தில் மூன்று கைபேசிகளிலும் அதே இணைப்பு 'செலுத்தப்பட்டது' என்று காட்ட வேண்டும்.