விரலா, காதா? பார்வையற்ற குழந்தையிடம் தமிழ்ப் பாடநூல் வந்துசேரும் மூன்று வழிகள்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கணினியில் தானே தட்டச்சு செய்த கட்டுரையை எனக்கு அனுப்பியிருந்தாள். கருத்து நன்றாக இருந்தது, நடை அதைவிட நன்றாக இருந்தது. ஆனால் "பல்லிக்குப் போகும் வலியில்" என்று ஓரிடம், "மணம் திறந்து பேசினோம்" என்று இன்னோரிடம். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. "பள்ளி என்ற சொல்லை எப்போதாவது பிரெய்லில் தொட்டிருக்கிறாயா?" என்று கேட்டேன். "இல்லை மிஸ், எல்லாம் கேட்டதுதான்" என்றாள்.

அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு எந்த வடிவில் புத்தகம் தேடுவது என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம் இந்தப் பல்லிதான் எனக்கு ஞாபகம் வரும். வழிகள் மூன்று: பிரெய்ல் நூல், மனிதக் குரலில் பதிந்த ஒலிநூல், கணினியோ கைபேசியோ வாசித்துக் காட்டும் மின்நூல். ஓரளவு பார்வை உள்ளவர்களுக்குப் பெரிய எழுத்து அச்சும் உருப்பெருக்கியும் இருக்கின்றன. அது வேறு கணக்கு, இங்கே எடுக்கவில்லை.

முதலில் பிரெய்ல். ஒவ்வொரு கட்டத்திலும் இடது மூன்று, வலது மூன்று என ஆறு மேட்டுப் புள்ளி வைத்து எழுதி, விரலால் தடவிப் படிக்கும் இந்த முறையில், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெய்ல் 1951இல் ஏற்கப்பட்டது. தமிழுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. 247 எழுத்தையும் தனித்தனியாகக் கற்க வேண்டியதில்லை. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஆய்தம், அப்புறம் சில வடவெழுத்து, அவ்வளவுதான். 'கா' வேண்டுமென்றால் க போட்டு ஆ போட வேண்டும். அச்சில் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைத்து நாம் திண்டாடுகிற 'கொ', பிரெய்லில் வெறும் க, ஒ. ஒரு விசித்திரமும் உண்டு: மெய்யெழுத்தின் புள்ளிக்கான குறி எழுத்துக்கு முன்னால் வரும். 'அம்மா' என்பது ஐந்து கட்டம்: அ, புள்ளிக்குறி, ம, ம, ஆ.

இப்போது பல்லிக்கு வருவோம். பிரெய்லில் 'ல' என்பது இடது பக்க மூன்று புள்ளிகள். 'ள' என்பது வலது பக்க மூன்று புள்ளிகள். 'ழ'வில் ஐந்து புள்ளி, வலது மேல் மூலை மட்டும் காலி. விரலுக்கு இவை மூன்று வெவ்வேறு பொருள்கள். ன, ண, ந மூன்றுக்கும் அப்படியே, ர, ற இரண்டுக்கும் அப்படியே. பேச்சில் ரகர றகர வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது, ந-வும் ன-வும் காதுக்கு ஒன்றுதான். கரியையும் கறியையும் கேட்டுப் பிரிக்கச் சொன்னால் பார்வையுள்ள நமக்கும் முடியாது. நாம் கண்ணால் பார்த்துப் பழகியதால் தப்பிக்கிறோம். அந்தப் பழக்கத்தைப் பார்வையற்ற குழந்தைக்கு விரல்தான் தர முடியும்.

குறைகளும் பெரியவை. அச்சில் ஒரே புத்தகமாக இருப்பது பிரெய்லில் பல தொகுதிகளாகக் கனக்கும். பள்ளிப் பையில் போகாது. படமும் வரைபடமும் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். ஒருமுறை நான் கேட்டிருந்த பாடநூல் அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு வந்துசேர்ந்தது. ஸ்லேட் என்ற துளைச் சட்டமும் ஸ்டைலஸ் என்ற குத்தூசியும் வைத்து எழுதுவது வேறு ஒரு வித்தை: தாளின் பின்பக்கம் குத்துவதால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடிப் பிம்பமாகப் போட வேண்டும். எழுதும்போது ல-வும் ள-வும் இடம் மாறுவதால் முதல் சில மாதம் குழந்தை அழும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நூல் தேடுபவர்கள் பூந்தமல்லியிலிருந்து தொடங்கலாம். டேராடூனைத் தலைமையகமாகக் கொண்ட தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது ஒலிநூல். பலரும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான், ஏனென்றால் குழந்தை எதையும் கற்றுக்கொள்ளாமலே கேட்கத் தொடங்கிவிடலாம். எனக்கு அங்கேதான் சந்தேகம். செய்யுளுக்கு மனிதக் குரலை மிஞ்ச எதுவும் கிடையாது. சீர் பிரித்து, நிறுத்தி ஒருவர் படித்தால் குறள் தானாகவே மனதில் உட்காரும். தேர்வுக்கு முந்தின இரவு கண்ணைக் கட்டும் களைப்பில் வரலாற்றுப் பாடத்தைத் திருப்பிப் பார்க்கவும் இதுவே சுகம். ஆனால் வாசிக்கும் தன்னார்வலர் எப்படி, பதிவும் அப்படி. "அட்டவணையைக் காண்க" என்று படித்துவிட்டு அட்டவணையைத் தாண்டிப் போன பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். டெய்சி என்ற ஒலிநூல் வடிவில் இருந்தால் பாடம், தலைப்பு, பக்கம் என்று தாவிப் போகலாம். வெறும் எம்பி3 என்றால் மூன்றாம் பத்தியைத் தேடவே பத்து நிமிடம். கணக்குக்கு இது உதவவே உதவாது. எழுத்துப்பிழைக்கு மருந்தும் இதில் இல்லை. பொதுத்தேர்வில் ஸ்கிரைப் (சொல்வதை எழுதித் தருபவர்) வைத்துச் சொல்லி எழுதுவதால் அந்தப் பிழை வெளியிலும் தெரியாது. விடைத்தாளில் இருப்பது ஸ்கிரைப்பின் எழுத்து. குழந்தைக்கு 'வழி' எழுதத் தெரியாது என்பது கல்லூரியில் மின்னஞ்சல் அனுப்பும் நாளில்தான் அம்பலமாகும்.

மூன்றாவது, மின்நூலை வாய்விட்டு வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான். என்விடிஏ என்ற மென்பொருளை 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியவர் மைக்கேல் கரன், பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். என்விடிஏ இலவசம், ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பான் பணம் கொடுத்து வாங்குவது. பள்ளிப் பிள்ளைக்கு என்விடிஏ தாராளமாகப் போதும், ஜாஸுக்காகக் கடன் வாங்காதீர்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் கூடவே வருகிறது. குரல் கொஞ்சம் இயந்திரத்தனம்தான், ஆனால் ஒரு மாதத்தில் காது பழகிவிடும். பழகியவர்கள் வைக்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. வேண்டுமானால் ஒரு சொல்லை நிறுத்தி எழுத்தெழுத்தாகக் கேட்கலாம். அதை எல்லாச் சொல்லுக்கும் எந்தப் பிள்ளை செய்யும்?

இதன் உண்மையான சிக்கல் கோப்பில் இருக்கிறது. ஒருங்குறியில் (யூனிகோடில்) இல்லாத பழைய எழுத்துருவில் உருவான பிடிஎஃப்பைக் கொடுத்தால் திரைவாசிப்பான் உளறும். வருடிய (ஸ்கேன் செய்த) படமாக இருந்தால் வாயே திறக்காது. எனவே பிடிஎஃப் கிடைத்ததும் ஒரு வரியைப் படியெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் நல்ல கோப்பு, கிறுக்கலாக வந்தால் எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள்) வழியாக மாற்றிப் பிழை திருத்த வேண்டும். இலக்கியத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. தமிழ் இலக்கியத்தை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்து முடித்த நாட்டுடைமை நூல்களும் ஒருங்குறியிலேயே இருக்கின்றன. 2016இல் மத்திய அரசு தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் பல இந்திய மொழி நூல்கள் உண்டு. அச்சைப் படிக்க இயலாதவர் என்பதற்கான சான்று கொடுத்து உறுப்பினராக வேண்டும். புத்தகத்தை இப்படி மாற்றினால் பதிப்பாளர் வழக்குப் போடுவாரோ என்று சில ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக, லாப நோக்கம் இல்லாமல் இதைச் செய்ய 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமே இடம் கொடுக்கிறது. பார்வையற்றோருக்காக நூல்களை இப்படி மாற்ற வழிசெய்து அடுத்த ஆண்டு உருவான மராகேஷ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான்.

ஆக, எதை எடுப்பது? ஐந்தாம் வகுப்பு வரை பிரெய்லை விடவே கூடாது என்பேன், மற்ற இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அறிவியல், சமூக அறிவியல் சுமையைத் திரைவாசிப்பானிடம் தள்ளிவிடலாம். தமிழ்ப் பாடத்தில் மட்டும் நாளுக்கு ஒரு பக்கமாவது விரல் படிக்கட்டும். கணக்குக்குப் பிரெய்லும், டெய்லர் பிரேம் என்ற கணக்குப் பலகையும், அபாகஸும்தான். செய்யுளுக்கு ஒலிநூல். ஒரே ஒன்றைத்தான் தேடிப்பிடிக்க முடியும் என்ற நிலை வந்தால், சுத்தமான ஒருங்குறிக் கோப்பைத் தேடுங்கள். அதைத் திரைவாசிப்பான் அப்படியே படிக்கும். லிப்லூயி போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு அதே கோப்பைத் தமிழ்ப் பிரெய்லாகவும் மாற்றலாம். பிரெய்ல் அச்சுப்பொறி உள்ள இடத்தில் கொடுத்தால் தாளில் வரும். ஆர்பிட் ரீடர் போன்ற சிறு கருவி இருந்தால் இருபது இருபது கட்டமாகப் புள்ளிகள் எழுந்து விரலுக்கு வரும். விலைதான் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது, பள்ளிக்கு ஒன்று கேட்டுப் பார்க்கலாம்.

பிரெய்ல் நூல் கைக்கு வந்துவிட்டால் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள். பாரம் ஏறினால் புள்ளிகள் அமுங்கி, ள-வும் ழ-வும் விரலுக்கு ஒன்றாகிவிடும். நிறுத்தித்தான் வைக்க வேண்டும். அந்த மாணவியின் வீட்டில் டிவி மேசையின் கீழ்த்தட்டை இதற்காகக் காலி செய்திருக்கிறார்கள். இப்போதைக்கு அங்கே மூன்றாம் வகுப்புத் தமிழ் நிற்கிறது.