புவிர், ப்ரெவிர், அஸ்விர்: ஹெபடைடிஸ் சி எந்த மருந்திடம் நழுவுகிறது?

ஹெபடைடிஸ் சி மாத்திரைகளின் பெயர் வாயில் நுழையாது. அதனால் வாலை மட்டும் பாருங்கள். 'ப்ரெவிர்' என்று முடிந்தால், வைரஸ் தன் புரதத்தை நறுக்கிக்கொள்ளும் என்சைமைத் தடுப்பது. 'புவிர்' என்றால் பிரதி எடுக்கும் என்சைமுக்கு முட்டுக்கட்டை. 'அஸ்விர்' பிடிப்பது என்எஸ்5ஏ என்ற புரதத்தை.

இந்த வைரஸின் ஆர்என்ஏவில் சுமார் 9,600 எழுத்துகள். ஒரு நோயாளியின் உடம்பில் நாளொன்றுக்கு லட்சம் கோடி வைரஸ்கள் வரை பிறக்கின்றன. எழுத்துப்பிழையைத் திருத்த ஆள் கிடையாது. ஆகவே முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே, அதை ஏய்க்கத் தெரிந்த ஒன்றிரண்டு ரகங்கள் உள்ளே இருக்கும். மற்றவை செத்ததும் அவை பெருகுகின்றன.

2011இல் வந்த டெலாப்ரெவிர், போசெப்ரெவிர் இரண்டும் இதில் நன்றாக அடிவாங்கின. 1ஏ என்ற மரபணு வகை வைரஸுக்கு ஒரே ஓர் எழுத்து மாறினால் ஆர்155கே என்ற எதிர்ப்பு கிடைத்துவிடும். 1பி வகைக்கு இரண்டு எழுத்து மாற வேண்டும். அதனால் 1ஏ சுலபமாகத் தப்பியது. ஒரே ஆறுதல், மருந்தை நிறுத்திச் சில மாதங்களில் பழைய வைரஸே மறுபடி கோலோச்சும்.

சோஃபோஸ்புவிர் வேறு ரகம். அதை எதிர்க்க எஸ்282டி என்ற மாற்றம் வேண்டும். ஆனால் அந்த மாற்றம் வந்த வைரஸால் ஒழுங்காகப் பெருக முடியாது. சிகிச்சை தோற்றவர்களிடம்கூட அது அபூர்வம். பல கூட்டு மருந்துகளுக்கு இதை முதுகெலும்பாக வைத்ததில் ஆச்சரியமில்லை.

அஸ்விர்தான் எனக்கு நெருடல். வீரியம் அபாரம்: சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம் என்றால் டாக்லாடாஸ்விர் 60 போதும். ஆனால் அஸ்விரை ஏய்க்கும் ஒய்93எச் மாற்றம் வந்த வைரஸ் நொண்டுவதில்லை. மருந்தை நிறுத்தி இரண்டு வருஷம் கழித்துத் தேடினாலும் பலரிடம் அப்படியே இருக்கும்.

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். இந்தியாவில் அதிகம் இருப்பது 3ஆம் மரபணு வகை. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், கல்லீரல் சுருங்காதவருக்கு சோஃபோஸ்புவிருடன் டாக்லாடாஸ்விர் 12 வாரம் இலவசம்; சிரோசிஸ் எனும் அந்தச் சுருக்கம் வந்தவருக்கு டாக்லாடாஸ்விருக்குப் பதில் வெல்படாஸ்விர். இந்தப் பங்கீடு நியாயமானது என்பேன். வெல்படாஸ்விரிடமும் ஒய்93எச் கொஞ்சம் வாலாட்டத்தான் செய்கிறது: 3ஆம் வகை நோயாளிகளிடம் நடந்த ஆஸ்ட்ரல்-3 ஆய்வில் மொத்தக் குணம் 95 சதவீதம், அந்த மாற்றம் முன்பே இருந்தவர்களில் 84.

இன்னொன்று, வெல்படாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல் போடுவது பலருக்குப் பல் தேய்ப்பது மாதிரி. அதை டாக்டரிடம் மருந்து என்றே சொல்லமாட்டார்கள். மருந்தளவு ரத்தத்தில் குறைய அது போதும். டாக்லாடாஸ்விருக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை.

அஸ்விர் தோற்றவருக்கு மூன்று வால்களும் ஒரே மாத்திரையில் உண்டு: சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர், வோக்ஸிலாப்ரெவிர். போலாரிஸ்-1 ஆய்வில் 96 சதவீதம் பேர் குணமானார்கள். ஆனால் வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளித்த நிலைக்குப் போனவருக்கு ப்ரெவிர் கொடுக்கக் கூடாது. அவருக்கு மிஞ்சுவது சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டோடு ரிபாவிரின் என்ற பழைய வைரஸ் எதிர்ப்பு மருந்தையும் சேர்த்து 24 வாரம்.