விற்ற யூனிட்டுக்கா, தயார்நிலைக்கா, கட்டிய செலவுக்கா? மின்சாரத்துக்குப் பணம் தரும் மூன்று வழிகள்

மின் நிலையம் வைத்திருப்பவருக்கு எதற்காகப் பணம் தருவது என்பதில் அமெரிக்க மாநிலங்கள் மூன்று விதமாகப் பிரிந்து நிற்கின்றன. டெக்சாஸில் விற்ற யூனிட்டுக்கு மட்டும்தான் பணம். பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, ஒகையோ என 13 மாநிலங்களை முழுதாகவோ பகுதியாகவோ இணைக்கும் பிஜேஎம் என்ற மின் கட்டமைப்பு, யூனிட் விலை போக, தேவைப்படும்போது ஓடத் தயாராக இருப்பேன் என்ற உறுதிக்கும் தனியாகத் தருகிறது. ஜார்ஜியா, கரோலினாக்கள் போன்ற தென்கிழக்கு மாநிலங்களில் இன்னும் பழைய முறைதான். ஒரே நிறுவனம் உற்பத்தி செய்து, கம்பியில் கொண்டுவந்து, வீட்டுக்கு விற்கும். ஆன செலவையும் அதன்மேல் ஒரு லாபத்தையும் கட்டணத்தில் வசூலிக்க மாநில ஆணையம் அனுமதிக்கும்.

டெக்சாஸ் முறையின் கணக்கு எளிது. பற்றாக்குறை வரும் சில மணி நேரங்களில் மொத்த விலை எகிறட்டும், அந்த லாபத்துக்காகவே நிலையங்களைக் கட்டுவார்கள், ஒழுங்காகப் பராமரிப்பார்கள் என்பது நம்பிக்கை. 2021-இல் விலையின் உச்சவரம்பு மெகாவாட் மணிக்கு 9,000 டாலர், அதாவது யூனிட்டுக்கு 9 டாலர். இதைவிடப் பெரிய ஆசை காட்ட முடியாது.

அந்த ஆண்டு பிப்ரவரி 15 அதிகாலையில் அந்த நம்பிக்கை உடைந்தது. கடும் பனிப்புயலில் எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன, மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக நின்றன. உற்பத்தி தேவைக்குக் கீழே போனதால், 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய மின்சாரத்தின் அதிர்வெண் 59.4-க்குக் கீழே இறங்கி நான்கு நிமிடத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. ஒன்பது நிமிடம் நீடித்திருந்தால் மீதி நிலையங்களும் தாமாகவே கழன்றுகொண்டிருக்கும், மாநிலம் முழுக்க இருண்டிருக்கும். அதைத் தடுக்கச் சுமார் 20,000 மெகாவாட் தேவையைத் துண்டித்தார்கள். 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போனது. அந்தப் புயலில் இறந்தவர்கள் 246 பேர் என்று மாநிலச் சுகாதாரத் துறையே கணக்குக் காட்டியது. பெரும்பாலோர் குளிர் தாங்காமல் இறந்தவர்கள். விலை நாள்கணக்கில் 9,000 டாலரிலேயே நின்றது. உறைந்த குழாய்க்கு விலை புரியவில்லை. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. மின்வெட்டில், எரிவாயுவைக் குழாயில் தள்ளும் அழுத்த நிலையங்களுக்குப் போன மின்சாரமும் துண்டிக்கப்பட்டது, அதனால் மின் நிலையங்களுக்கு வரவேண்டிய எரிவாயு மேலும் குறைந்தது.

இதெல்லாம் முன்னறிவிப்பு இல்லாமல் வந்ததல்ல. 2011 பிப்ரவரியிலும் இதே போன்ற குளிர், இதே போன்ற மின்வெட்டு. நிலையங்களைக் குளிருக்குத் தயார்படுத்துங்கள் என்று மத்திய ஒழுங்குமுறை அமைப்புகள் அப்போதே அறிக்கை தந்தன. மாநிலம் அதைக் கட்டாயமாக்கவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் இருந்தாலும் அதன் மின் கட்டமைப்புக்கு வெளியே இருக்கும் எல் பாசோ நகரம் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு செலவு செய்தது, 2021-இல் பெரிய சேதமின்றித் தப்பியது.

சரி, தயார்நிலைக்குப் பணம் கொடுத்தால் தீர்ந்துவிடுமா? 2022 டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டி வந்த எலியட் புயல் மூன்று முறைகளையும் ஒரே வாரத்தில் சோதித்துப் பார்த்தது. பிஜேஎம்மில் சுமார் 46,000 மெகாவாட் கைவிட்டது. இவை தயாராக இருப்பதற்கென்றே பணம் வாங்கிய நிலையங்கள். பெரும்பகுதி எரிவாயு நிலையங்கள். நீண்ட விடுமுறை என்பதால் எரிவாயுவை முன்கூட்டியே வாங்கி வைக்காதவையும் அதில் உண்டு. மின்வெட்டு வராமல் சமாளித்தார்கள், அதற்குப் பாராட்டு. கைவிட்டவர்கள் மீது சுமார் 180 கோடி டாலர் அபராதம் விழுந்தது, பிறகு சமரசத்தில் குறைந்தது.

பழைய முறையில் இருந்த கரோலினாக்களில் டியூக் எனர்ஜி அதே புயலில் சுழற்சி முறையில் மின்சாரத்தை நிறுத்தியது. பக்கத்தில், மத்திய அரசின் நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும் தன் வரலாற்றில் முதல்முறையாக அப்படி நிறுத்தியது. முழுப் பொறுப்பும் ஒரே கையில் இருந்தும் இந்த நிலை. இந்த முறையில் எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் வேறு. தவறான முதலீட்டின் சுமை நுகர்வோர் தலையில் விழுகிறது. தென் கரோலினாவில் சுமார் 900 கோடி டாலர் கொட்டிய பிறகு இரண்டு அணு உலைகளை 2017-இல் பாதியில் கைவிட்டார்கள், அதற்கான பணம் மின் கட்டணத்தில் வசூலாகிறது. ஜார்ஜியாவின் வோக்டில் உலைகள் கட்டி முடிந்தன என்றாலும் 1,400 கோடி டாலர் என்று தொடங்கிய செலவு 3,000 கோடியைத் தாண்டியது.

டெக்சாஸ் எலியட்டில் மின்வெட்டு இல்லாமல் தாண்டியது. 2021 அளவுக்குக் கடுமையான குளிர் அங்கே வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இடையில் ஒன்று மாறியிருந்தது. மின் நிலையங்கள் குளிருக்குத் தயாராவதை 2021-இல் சட்டம் கட்டாயமாக்கியது. ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்க்கிறார்கள், மீறினால் நாளுக்குப் பத்து லட்சம் டாலர் வரை அபராதம். அதற்குப் பிறகு விலை உச்சவரம்பை 5,000 டாலராகக் குறைத்தார்கள். அதாவது ஆசையைக் குறைத்து, கட்டாயத்தைக் கூட்டினார்கள்.

பிஜேஎம் தன் பங்குக்கு, குளிரில் எவ்வளவு கைகொடுக்கும் என்று பார்த்து எரிவாயு நிலையங்களின் தயார்நிலையைக் குறைத்துக் கணக்கிட்டது. நியாயமான திருத்தம்தான். ஆனால் அதோடு மின் தேவையும் ஏறியதால், 2024 ஜூலை ஏலத்தில் தயார்நிலை விலை நாளொன்றுக்கு மெகாவாட்டுக்கு 28.92 டாலரிலிருந்து 269.92 டாலருக்குத் தாவியது. மொத்தச் சுமை 220 கோடியிலிருந்து 1,470 கோடி டாலர். விநியோகத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நடக்க வேண்டிய ஏலம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், அது தொடங்க ஓராண்டுகூட இல்லாத நேரத்தில் நடந்தது. அந்த அவகாசத்தில் எந்தப் புதிய நிலையத்தைக் கட்ட முடியும்? ஏற்கெனவே இருப்பவர்களுக்குத்தான் லாபம். புதிதாக இணைய விரும்புவோர் அங்கே ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். டெக்சாஸில் இணைப்பு வேகமாகக் கிடைப்பதால் சூரிய மின்சாரமும் பேட்டரிகளும் மளமளவென்று சேர்ந்தன.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கட்டாய ஆய்வோடு கூடிய இன்றைய டெக்சாஸ் முறையைத்தான் எடுப்பேன், ஒரு நிபந்தனையோடு. அங்கே எரிவாயுத் துறையைக் கண்காணிப்பது ரயில்ரோடு கமிஷன் என்ற தனி அமைப்பு. மின் நிலையத்தின் கதவு வரை போகும் அதே கறாரான சோதனை, அதற்கு எரிவாயு தரும் கிணற்றடி வரை போக வேண்டும்.