காட்பாடி பக்கம் ஒரு சலூன் பயிற்சி நிலையம்: கை வந்தது, ‘லைசென்ஸ்’ வரவில்லை

காட்பாடி பக்கம் இருக்கும் ஒரு தனியார் சலூன் பயிற்சி நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். அங்கே தொழில் கற்றுக்கொடுக்கும் விதம் அருமை. ஆனால் சேர்க்கும்போது ‘கோர்ஸ் முடித்தால் கவர்மெண்ட் லைசென்ஸ் கிடைக்கும், அது இல்லாமல் இனிமேல் யாரும் கடை போட முடியாது’ என்று சொன்னார்களே, அது சுத்தப் பொய். படித்தது என் அக்கா மகன். நான் சத்துவாச்சாரியில் சலூன் வைத்திருக்கிறவன், என்னிடமே இப்படிப் பேசுகிறார்கள் என்றால், இந்தத் தொழிலே தெரியாத வீட்டுப் பிள்ளைகளிடம் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள். நிலையத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே பேச்சைப் பல இடங்களில் கேட்டுவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே இருக்கும் மாஸ்டர் கெட்டிக்காரர், பொறுமைசாலி. ஆரம்பத்தில் முடியைத் தொடவே விடவில்லை. கத்தரியைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை மட்டும் அசைக்க வேண்டும், மற்ற விரல்கள் அசையாமல் நிற்க வேண்டும், அதையே மணிக்கணக்கில் செய்ய வைத்தார். பையன் வீட்டுக்கு வந்து டிவி பார்க்கும்போதுகூட வெறும் கத்தரியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான். அப்புறம் பலூனை ஊதி நுரை தடவிக் கையில் கொடுத்து, வெடிக்காமல் சவரம் செய்யச் சொன்னார். அதில் கை படிந்த பிறகுதான் கூடப் படிக்கிற பையனின் கன்னத்தில் கத்தி வைக்க அனுமதி. முடிவெட்டுவதும் அப்படித்தான், முதலில் ஒருவர் தலையில் ஒருவர். ஊரில் சலூன்கள் மூடியிருக்கும் செவ்வாய்க்கிழமைகளில் வெளி ஆட்களுக்கு இலவசமாக வெட்டிவிடுகிறார்கள். கை வந்ததற்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகள்தான் காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

ஒருநாள் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். என் மருமகன் ஒரு கல்லூரிப் பையனுக்கு ஃபேடு, அதாவது கீழே போகப் போக முடி படிப்படியாகக் குறையும் வெட்டு, வெட்டுகிறான், கிளிப்பர் மெஷினில் மாட்டும் சீப்பான கார்டில் இரண்டாம் நம்பர் ஓடிய இடத்துக்கும் ஒன்றாம் நம்பர் ஓடிய இடத்துக்கும் நடுவில், காதுக்கு மேலே ஒரு கோடு அப்படியே நிற்கிறது. அவன் பதறிப்போய் ஒன்றாம் நம்பரை இன்னும் மேலே ஏற்றப் போனான். மாஸ்டர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். வெட்டும் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற லீவரைப் பாதி திறக்கச் சொல்லி, கிளிப்பரின் மூலையை மட்டும் அந்தக் கோட்டில் வைத்து, வெளிப்பக்கமாகச் சுண்டி எடுக்கச் சொன்னார், ‘மேலே ஏத்துனா கோடும் மேல ஏறும், அவ்வளவுதான்’ என்றார். நாலைந்து சுண்டில் கோடு கரைந்துவிட்டது. நான் இத்தனை வருடமாக அதைக் கத்தரியும் சீப்பும் வைத்துத்தான் சரி செய்கிறேன், இது எனக்கும் பாடம்.

சுத்தம் விஷயத்திலும் குறை சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு புது பிளேடு, அதுவும் கஸ்டமர் கண் முன்னாலேயே உறையைப் பிரித்து மாட்ட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், உண்மைதான். கிளிப்பர் தலையை ஒவ்வொரு ஆளுக்கும் துடைக்காவிட்டால் படர்தாமரை பரவும், வேலூர் வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரே படிகாரக் கட்டியை எல்லார் முகத்திலும் தேய்க்கும் பழக்கத்தையும் விடச் சொல்கிறார்கள். எங்கள் தெருப் பக்கம் இன்னும் பல கடைகளில் அது நடக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்போது லைசென்ஸ் கதைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் முடிவெட்டுகிற ஆளுக்கென்று தனியாகத் தேர்வு வைத்துக் கொடுக்கும் அரசு உரிமம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் 1,000 மணி நேரப் பயிற்சி முடித்து எழுத்துத் தேர்வில் தேறினால்தான் கத்தரி பிடித்துச் சம்பாதிக்க முடியும், 2022-க்கு முன்னால் அதுவே 1,500 மணி நேரம். நம் ஊரில் உரிமம் ஆளுக்கு இல்லை, கடைக்குத்தான். மாநகராட்சியில் வாங்கும் தொழில் உரிமம் அது. சத்துவாச்சாரி, காட்பாடியின் தாராபடவேடு எல்லாம் இப்போது வேலூர் மாநகராட்சிக்குள் வந்துவிட்டதால் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும், காலம் முடிவதற்குள் புதுப்பிக்கவும் வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்னால் வாடகை ஒப்பந்தத்தையும் கட்டட உரிமையாளரிடமிருந்து சொத்து வரி ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பல பேருக்கு அங்கேதான் இழுத்தடிக்கிறது. நிலையம் கொடுத்த சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த உரிமம் வந்துவிடாது.

சான்றிதழே வேண்டாம் என்று சொல்லவில்லை. அழகுக்கலைத் துறைக்கென்று இருக்கும் திறன் கவுன்சிலின் மதிப்பீட்டில் தேறி வாங்கிய சான்றிதழ் என்றால், பெரிய சலூனில் வேலை கேட்கும்போதும் வங்கியில் கடன் கேட்கும்போதும் காட்டலாம். ஆனால் இவர்கள் கொடுத்தது நிலையமே அச்சடித்த காகிதம், கோபுர முத்திரை மாதிரி ஒன்றை ஓரத்தில் போட்டிருக்கிறார்கள். இதற்கென்று கட்டணத்துக்கு மேல் தனியாகப் பணம் வேறு வாங்கினார்கள். வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கூடப் படித்த ஒரு பையனின் அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றிச் சேர்த்த காசில் அதைக் கட்டினார்.

அந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம், சாப்பாடும் கொடுப்பார்கள், 18 வயது ஆனவர்கள் சேரலாம். ஆண்களுக்கான சலூன் பயிற்சியும் அவர்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது, அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததை மறந்துவிட்டு வாலாஜாவிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வேலூருக்கு அலைய வேண்டாம், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்கள் தங்கள் மாவட்டத்திலேயே முதலில் விசாரியுங்கள்.

இன்னொரு குறை. வாரத்தில் இரண்டு வகுப்பு ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று போகிறது. வேலூரில் தொழில் செய்யப் போகிறவனுக்கு அதைவிட நாலு வரி இந்தியும் பெங்காலியும் உதவும். சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே, பாபு ராவ் தெருப் பக்கம் போய்ப் பாருங்கள், லாட்ஜ் போர்டே பெங்காலியில் இருக்கும், வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் சவரத்துக்கு வெளியேதானே வர வேண்டும். நோயாளிக்கு எப்படி வெட்டுவது, உட்கார முடியாதவரை எப்படிச் சாய்ப்பது என்று ஒரு வகுப்பு வைத்தால் இந்த ஊரில் அதற்கு வேலை நிச்சயம்.

முடிதிருத்துவோர் நல வாரியத்தைப் பற்றி அங்கே ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பதும் எனக்கு வருத்தம். 18 வயது ஆனதும் பதிவு செய்யலாம், பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. அதேபோல 35 வயது தாண்டியவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும் அதில் 50,000 ரூபாய் வரை மானியமும் இருக்கிறது, மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது, கடைக்குப் புது நாற்காலி போட நானே விண்ணப்பிக்கப் போகிறேன்.

சேரலாமா என்று கேட்டால், அந்த மாஸ்டர் இருக்கும்வரை தாராளமாகச் சேருங்கள். சேரும் முன் ஒரு செவ்வாய்க்கிழமை போய், எத்தனை தலை வெட்டக் கொடுக்கிறார்கள் என்று நேரில் பாருங்கள். கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். ‘லைசென்ஸுக்குத் தனி’ என்று பேச்சை எடுத்தால் அதற்கு மட்டும் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.