பூந்திக்கொட்டையை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

தாம்பரத்தைத் தாண்டிக் குடியிருப்பவர்களுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாளி விளிம்பு, குழாய், குளியலறை ஓடு என எங்கும் வெள்ளையாக உப்பு படியும். அதைப் போக்க வாங்கும் ஆசிட்டின் நெடி மாமியாருக்கு இழுப்பைக் கிளப்பியதால், கடை பாட்டில்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, வீட்டிலேயே கலந்துகொள்ளும் துப்புரவுப் பொருட்களுக்கு மாறினோம். ஆண்டுகள் சில ஓடிவிட்டன.

நிலைத்து நின்றதில் முதலிடம் சிட்ரிக் அமிலத்துக்கு. சர்க்கரை போல இருக்கும் அந்தத் தூளில் இரண்டு தேக்கரண்டியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைப்பேன். பழைய பனியன் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி அரை மணி நேரம் விட்டால், கறை பொடிக் குமிழிகளாக நுரைத்து இளகிவிடும். பழைய பல் துலக்கியால் இரண்டு தேய்ப்பு போதும். அந்தப் படிவில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்; அமிலம் அதைக் கரைக்கிறது. மார்பிளும் அதே சரக்குதான் என்பதால் அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மெருகு போய்விடும்.

பூந்திக்கொட்டை அப்படி முழு மதிப்பெண் வாங்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, விதை நீக்கி, தோலை இரவு ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்ட வேண்டும். தோலில் இருக்கும் சாப்போனின்தான் நுரைக்குக் காரணம். பட்டுப் புடவைக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. வடை சுட்ட வாணலியிடம் தோற்றுவிடும். வெள்ளைச் சட்டை மெல்லப் பழுப்பேறும். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும். கண்ணில் பட்டால் எரிச்சல் வேறு. இயற்கை என்ற பெயருக்காகக் கண் இரங்குவதில்லை.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை காட்டும் காணொளிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிட்டால் மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். சோடாவை அடிப்பிடித்த பாத்திரத்துக்கும், வினிகரைக் கண்ணாடிக்கும் தனித்தனியே வைத்துக்கொள்கிறேன். பித்தளை விளக்குக்குப் பாட்டி காலத்துப் புளியை மிஞ்சியது இன்னும் வரவில்லை.

பழத்தோல் நொதிக் கரைசல் என் பொறுமைக்கு ஒத்துவரவில்லை. வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று, தண்ணீர் பத்து, பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. தொடக்கத்தில் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றாவிட்டால் புட்டி வெடிக்கும். தரை துடைக்க இத்தனை தவமா?

ஒன்றில் மட்டும் சமரசம் இல்லை. வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி என்றால் கழிப்பறைக்கு பிளீச்சிங் பவுடர்தான். பூந்திக்கொட்டை அழுக்கை எடுக்கும். நோய்க்கிருமியை ஒழிக்க அதை நம்ப முடியாது. மாமியாரை அப்போது மாடி அறைக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்துக் கழுவுவேன். அன்று வினிகருக்கும் சிட்ரிக் அமிலத்துக்கும் விடுமுறை. பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இழுப்புக்காரர்கள் மட்டுமல்ல, யாருமே அதைச் சுவாசிக்கக் கூடாது.

வீட்டில் காய்ச்சியதுதானே என்று எதையும் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.