ஃபெரோமோன் டிஃபியூசர்: நக்கி நக்கி முடியை இழக்கும் பூனைக்கு உதவுமா?

சுவர் பிளக்கில் செருகும் இந்தச் சிறு கருவி, பூனை தன் கன்னத்தைக் கதவோரத்திலும் மேசைக்காலிலும் உரசும்போது விட்டுச்செல்லும், 'இது பாதுகாப்பான இடம்' என்று அதற்கு உணர்த்தி அமைதி தரும் வேதிப்பொருளான முக ஃபெரோமோனின் செயற்கை வடிவத்தைக் குப்பியிலிருந்து மெல்லச் சூடாக்கிக் காற்றில் பரப்புகிறது. ஒரு குப்பி ஏறத்தாழ 30 நாள் வரும். சோபாவுக்குப் பின்னாலோ திரைச்சீலைக்கு அடியிலோ செருகினால் பயன் குறையும் என்பதைத் தவிர, பயன்படுத்துவதில் சிரமம் ஏதும் இல்லை.

அளவுக்கு மீறி நக்குவதை இது குறைக்கும் என்று விளம்பரப்படுத்துவதைத்தான் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. வயிறும் உள்தொடையும் மொட்டையாகும் வரை ஒரு பூனை நக்குகிறது என்றால், பெரும்பாலும் அதற்கு அரிக்கிறது என்று பொருள். மனஅழுத்தத்தால் முடி இழந்தவை என்று கருதப்பட்ட 21 பூனைகளை முறையாகப் பரிசோதித்து 2006-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், 16 பூனைகளுக்கு உடல் சார்ந்த காரணமே இருந்தது. மனக்காரணம் மட்டுமே இருந்தவை இரண்டுதான். தெள்ளுப்பூச்சியின் எச்சில் ஒவ்வாமை, உணவு ஒவ்வாமை, சுற்றுப்புற ஒவ்வாமை ஆகியவற்றுள் எதையும் எந்த ஃபெரோமோனும் தீர்க்காது. அடிவயிற்றை மட்டும் விடாமல் நக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் வலி இருக்கவும் கூடும். "என் பூனையிடம் தெள்ளுப்பூச்சியே இல்லை" என்பவர்கள், நக்கும் பூனை அவற்றை விழுங்கிவிடுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பில் வாரி, வரும் கரும்பொடியை ஈரப்பஞ்சில் வைத்து, அது செம்பழுப்பாகக் கரைகிறதா (கரைந்தால் அது இரத்தம் கலந்த தெள்ளுப்பூச்சிக் கழிவு) என்று பார்ப்பதே நம்பகமான வழி. கால்நடை மருத்துவர் சில முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்ப்பதும் உண்டு: நுனி முறிந்திருந்தால் முள் நிறைந்த நாக்கின் வேலை, கூராக இருந்தால் முடி தானாகவே உதிர்கிறது. உணவு ஒவ்வாமையை உறுதிசெய்ய, குறைந்தது 8 வாரம் ஒரே சிறப்பு உணவைத் தர வேண்டியிருக்கும். இதற்குத்தான் பலருக்கும் பொறுமை இருப்பதில்லை.

எங்கள் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்தால் வயிற்றில் முடி மீண்டும் அடர்ந்துவிட்டது. பின்னர் வீட்டுக்கு இரண்டாவது பூனை வந்தபோது அது மறுபடி நக்கத் தொடங்கியது. இம்முறை தோலில் குறை ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே டிஃபியூசரைச் செருகினோம். அடுத்து வந்த வாரங்களில் அது ஒளிவது குறைந்தது. நக்குவதும் ஓரளவு தணிந்தது. ஆயினும் உணவுக் கிண்ணங்களையும் மணல் தட்டுகளையும் அதே காலத்தில் தனித்தனியாகப் பிரித்து வைத்ததால், முழுப் பெருமையையும் இந்தக் கருவிக்கு அளிக்க மாட்டேன்.

ஆகவே வீடு மாறுதல், புதிய விலங்கின் வரவு போன்ற தெளிவான காரணம் தெரிந்து, தோல் நோய் இல்லை என்பதும் உறுதியான வீட்டுக்கு இதைத் துணைக்கருவியாகப் பரிந்துரைப்பேன். தோல் சிவந்தோ புண்ணாகியோ இருந்தால், குப்பிக்குச் செலவிடும் பணத்தை முதலில் மருத்துவருக்குக் கொடுப்பது மேல்.